பக்கத்து வயலில் ஏன் இறங்கவில்லை?

கேள்வி:
ஐயா, போன நவம்பரில் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கிராமப்புறம், நாலைந்து வீடுகள், சுற்றிலும் வயல். ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல், வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் வளைவில் மாப்பிள்ளையின் கார் மரத்தில் மோதிவிட்டது. மார்பில் பலத்த அடி. முதலில் ஆம்புலன்ஸ் வந்தது. பிறகு டாக்டரை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டரும் வந்தது. வந்ததே தவிர, உடனே இறங்கவில்லை. தலைக்கு மேலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியது. கார் கிடந்த இடத்துக்கு எதிரே உழுதுபோட்ட பெரிய வயல், ஒரு மரம்கூட இல்லை. அதை விட்டுவிட்டு அரை மைல் தள்ளி ஊர் மைதானத்தில் போய் இறங்கினார்கள். டாக்டர் போலீஸ் காரில் ஏறி வந்து சேர்ந்தார். பக்கத்துப் பண்ணைக்காரர் பாவம், இடம் காட்டலாமென்று பெரிய டார்ச்சை எடுத்து ஹெலிகாப்டரைப் பார்த்து அடித்தார். போலீஸ்காரர் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டுச் சத்தம் போட்டார். மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார், வேலைக்கும் போகிறார். ஆனாலும் அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. ஒவ்வொரு நொடியும் முக்கியம் என்கிறார்கள், பிறகு எதற்கு அத்தனை தாமதம்? நம் ஊரிலும் 108 மாதிரி இரவில் ஹெலிகாப்டர் வர வழி உண்டா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில் (முன்னாள் ஹெலிகாப்டர் பைலட்):
மாப்பிள்ளை வேலைக்குப் போகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது, அம்மா. தாமதம் என்று நீங்கள் நினைக்கும் அந்த இரண்டு மூன்று சுற்றுகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லப்போகிறேன். அவர்கள் வீணாக்கிய நேரம் அல்ல அது. அந்தப் பயணத்தின் மிகக் கடினமான வேலை அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது.

விமான நிலையத்தில் இறங்கும் பைலட்டுக்கு ஓடுதளம் எவ்வளவு நீளம், பக்கத்தில் என்ன உயரத்தில் என்ன நிற்கிறது, காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் முன்கூட்டியே கையில் இருக்கும். விபத்து நடந்த இடத்துக்கு வருகிறவருக்கு இதில் ஒன்றும் இருக்காது. அத்தனையையும் மேலேயே நின்று, இருட்டில், இரண்டு சுற்றில் கண்டுபிடித்தாக வேண்டும். இடத்தின் அளவு, வடிவம், சரிவு, தரையின் தன்மை, சுற்றிலும் உள்ளவை என்று ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார்கள். முன்சீட்டில் பைலட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாராமெடிக் அந்த நேரத்தில் மருத்துவப் பணியாளர் அல்ல. பைலட்டின் இரண்டாவது ஜோடிக் கண். அதற்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்.

அளவுக்கு ஐரோப்பிய விதி ஒன்று இருக்கிறது. விசிறி சுற்றும்போது ஹெலிகாப்டரின் முழு நீளம் எவ்வளவோ, பகலில் அதைப் போல் இரண்டு மடங்கு நீள அகலமுள்ள இடம் போதும். முன்பே அளந்து பார்க்காத இடத்தில் இரவில் இறங்க வேண்டுமானால் நீளம் நான்கு மடங்காகவும் அகலம் இரண்டு மடங்காகவும் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் சேவைகளில் பரவலாக ஓடும் ஹெச்145 ரகத்தை எடுத்துக்கொண்டால், நீளம் பதின்மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். அதாவது ஏறக்குறைய 54 மீட்டருக்கு 27 மீட்டர் வெற்றிடம். இருட்டில் தவறு செய்யக் கொஞ்சம் இடம் விட்டுவைக்கிறது விதி.

உங்கள் எதிர் வயல் அதைவிடப் பெரியதாகத்தான் இருந்திருக்கும். மரம்கூட இல்லை என்கிறீர்கள். சரி, மின்கம்பி?

ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் இரவு இறக்கத்தில் முதல் எதிரி கம்பிதான் என்பார்கள். மரம் ஓரளவு நிழலாகவாவது தெரியும். கம்பி தெரியாது. எத்தனை விலையுள்ள கருவியை மாட்டிக்கொண்டாலும் விரல் பருமன் கம்பியை ராத்திரியில் பார்க்கலாமென்று நம்பக் கூடாது. அதனால் யாரும் கம்பியைத் தேடுவதில்லை, கம்பத்தைத் தேடுவார்கள். சாலை இருந்தால் அதன் ஓரமாக ஒரு லைன் ஓடுகிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். வயல் நடுவே தனியாக ஒரு வீடோ பம்ப் கொட்டகையோ இருந்தால், அதற்கு எங்கிருந்தோ கரண்ட் வந்தாக வேண்டும். எங்கிருந்து என்பது புரியும்வரை கீழே வரமாட்டார்கள். இங்கிலாந்துக் கிராமங்களில் மரக் கம்பங்களில் வயலுக்குக் குறுக்கே லைன் இழுத்திருப்பார்கள். ஈரம் பட்ட கறுத்த மரம், கறுத்த மண், அதற்கு மேலே கறுத்த வானம். நீங்கள் தரையில் நின்று பகலில் பார்த்தாலே பழகிய கண்ணுக்கு அது உறைக்காது.

பகலில்கூட ஏமாற்றுகிற சமாச்சாரம் இது. 1998 ஜூலையில் கென்ட் பகுதியின் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஒன்று ராச்செஸ்டர் அருகே உயர் அழுத்த மின்கம்பியில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். அது இரவு விபத்து அல்ல.

‘நைட் விஷன் கண்ணாடி இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது, அதுதான் இந்தத் தொழிலை மாற்றிய பொருள். நட்சத்திர வெளிச்சத்தையே பல்லாயிரம் மடங்கு பெருக்கி, வயல் வரப்பைக்கூடக் காட்டும். ஆனால் அது காட்டுவது ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல 40 பாகை அகலக் காட்சியை மட்டுமே. பக்கவாட்டில் இருப்பதைப் பார்க்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். உலகம் ஒரே பச்சை நிறம். தூரம் கணிப்பது சிரமம். பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. சில கோபுரங்களில் புதிதாகப் போடும் சிவப்பு எல்.இ.டி. எச்சரிக்கை விளக்குகள் வெறும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், கண்ணாடி வழியே தெரியவே தெரியாது. விளக்கின் சிவப்பும், கண்ணாடியில் உள்ள வடிகட்டி உள்ளே விடும் சிவப்பும் வேறு வேறு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2009-லேயே இதைப் பற்றி பைலட்டுகளை எச்சரித்தது. அதனால் கண்ணாடிக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக அடிக்கடி வெறும் கண்ணாலும் பார்த்துக்கொள்வது பழக்கமாயிற்று.

கண் செய்யும் மோசடி வேறு. சுற்றிலும் கும்மிருட்டு, நடுவே விபத்து இடத்தில் மட்டும் ஒரு கொத்து வெளிச்சம் என்றால், பைலட்டுக்குத் தான் இருக்கும் உயரத்தைவிட அதிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். இறங்கு, இறங்கு என்று மனம் சொல்லும். கேட்டால், வெளிச்சத்துக்கு முன்பே தரை வந்துவிடும். விமானிகள் இதைக் கருந்துளை என்பார்கள். 1960-களில் போயிங் நிறுவனத்தில் கான்ராட் கிராஃப்ட் என்ற உளவியலாளர் அனுபவம் மிக்க விமானிகளைக் கொண்டே சோதித்து, அவர்களும் ஏமாறுகிறார்கள் என்று காட்டினார். பெரிய விமானத்துக்குச் சொன்னதுதான். ஹெலிகாப்டருக்கும் அப்படியே பொருந்தும். காற்றின் திசையும் அதேபோல. பகலில் மரக்கிளை, புகை, கொடியில் காயும் துணி எல்லாம் காற்றைச் சொல்லும். இரவில் அது எதுவும் இல்லை. பின்காற்றோடு செங்குத்தாக இறங்கினால், விசிறி தான் தள்ளிய காற்றிலேயே சிக்கி, விசை கொடுக்கக் கொடுக்க இன்னும் வேகமாகக் கீழே போகும்.

அடுத்தது நீங்கள் குறிப்பிட்ட உழுத மண். 3.7 டன் எடையுள்ள இயந்திரத்தை 11 மீட்டர் குறுக்களவுள்ள விசிறி தூக்கிப்பிடிக்க வேண்டுமானால் எவ்வளவு காற்றைக் கீழே தள்ள வேண்டும் என்று கல்லூரி இயற்பியலை வைத்தே கணக்குப் போடலாம். விசிறித் தளத்தில் நொடிக்குச் சுமார் 12 மீட்டர். கீழே இறங்க இறங்க அது இரட்டிப்பாகி, மணிக்கு 90 கிலோமீட்டரை எட்டும். அதாவது சிறு புயல். நவம்பர் மாத இங்கிலாந்து மண் ஈரமாகத்தான் இருந்திருக்கும். அப்போது கவலை தூசி அல்ல, சக்கரமோ சறுக்குச் சட்டமோ ஒரு பக்கமாகப் புதைந்து ஹெலிகாப்டர் சாய்வது. காய்ந்த வயல் என்றால் கதையே வேறு. தரைக்குப் பத்து மீட்டர் இருக்கும்போது மண் கிளம்பும். இறங்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அந்தத் தூசி முழுவதும் ஒளிர்ந்து, கண்ணெதிரே வெள்ளைச் சுவர் எழும்பியதுபோல் நிற்கும். தரை போய்விடும், வேலி போய்விடும். ஹெலிகாப்டர் முன்னால் நகர்கிறதா, பின்னால் நழுவுகிறதா என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. வால் விசிறி பின்பக்கம் இருக்கிறது. பைலட்டால் அதைப் பார்க்க முடியாது. பின்னால் நழுவினால் வேலிக்கம்பத்தில் படப்போவது அதுதான்.

இந்தக் காற்று தரையில் நிற்பவர்களையும் சும்மா விடாது. 2022 மார்ச் 4 அன்று பிளிமத் நகரின் டெரிஃபோர்ட் மருத்துவமனையில், முறையான இறங்குதளத்துக்கு வந்த கடலோரக் காவல் ஹெலிகாப்டரின் காற்று, பக்கத்துக் கார் நிறுத்தத்தில் நடந்துபோன ஒரு மூதாட்டியைத் தள்ளி வீழ்த்தியது. அவர் இறந்துவிட்டார். அது பெரிய ரக ஹெலிகாப்டர், உண்மைதான். ஆனால் நேரம் பகல், இடம் மருத்துவமனை, தளம் அதற்கென்றே கட்டியது. உங்கள் மாப்பிள்ளை கிடந்த சாலையில் உடைந்த கண்ணாடி, கழன்ற தகரம், ஆம்புலன்ஸ்காரர்கள் விரித்த போர்வை, திறந்த காயம் எல்லாம் இருந்திருக்கும். எதிர் வயலில் இறங்கியிருந்தால் அத்தனையும் பறந்து அவர் மேலேயே விழுந்திருக்கும். பக்கத்திலேயே இறங்காததற்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

டார்ச் அடித்த பண்ணைக்காரரிடம் எனக்குக் கோபமில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும், கெட ஒரு நொடி போதும். நைட் விஷன் கண்ணாடி போட்டிருந்தால் இன்னும் மோசம்: நேராக அடிக்கும் வெளிச்சத்தைச் சமாளிக்க அது தன் பார்வையைத் தானே குறைத்துக்கொள்ளும்; நடுவில் ஒரு பெரிய ஒளிவட்டம் மட்டும் நிற்கும், அதைச் சுற்றியுள்ள கம்பமும் மரமும் மறைந்துபோகும். லேசர் என்றால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் தீயணைப்புப் படையினர் இரவில் இடம் காட்டும் முறையைப் பாருங்கள். இரண்டு வண்டிகளை மூலைகளில் நிறுத்தி, ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, இரண்டு ஒளியும் தரையில் நடுவில் வெட்டிக்கொள்ளும்படி திருப்பிவிடுவார்கள். வெளிச்சம் தரையில்தான் விழும், வானத்துக்குப் போகாது. ஹெலிகாப்டர் நெருங்கியதும் வெள்ளை மின்னல் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். உங்கள் மகளிடம் சொல்லிவைக்க வேண்டியது ஒன்றுதான்: இன்னொரு முறை அப்படி நேர்ந்தால், டார்ச்சைவிட உபயோகமான உதவி, போனில் இருக்கும் அவசர உதவிக்காரரிடம் ‘இந்த வயலுக்குக் குறுக்கே கரண்ட் லைன் போகிறது’ என்று சொல்வது. குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், துப்பட்டாவையும் முந்தானையையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள், உள்ளிருந்து ஒருவர் வந்து அழைக்கும்வரை அருகே போகாதீர்கள். பின்பக்கம் போகவே கூடாது.

இனி, ‘ஒவ்வொரு நொடியும்’ என்றீர்களே, அதற்கு வருகிறேன். அந்த அவசரம்தான் இந்தத் தொழிலில் அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2002 ஜனவரி முதல் 2005 ஜனவரி வரை அவசர மருத்துவ விமானங்களும் ஹெலிகாப்டர்களும் சிக்கிய 55 விபத்துகளை எடுத்து ஆராய்ந்தது. இறந்தவர்கள் 54 பேர். அதில் ஒன்று 2004 ஜூலையில் தென் கரோலினாவின் நியூபெரி பக்கம் நடந்தது. விடிவதற்கு முன், நெடுஞ்சாலையில் அடிபட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஹெலிகாப்டர் சற்று நேரத்தில் காட்டு மரங்களில் மோதியது. பைலட், நர்ஸ், பாராமெடிக், நோயாளி என நால்வரும் போனார்கள். பனிமூட்டத்தைக் காரணம் காட்டி மற்ற சேவைகள் அதே அழைப்புக்கு ஏற்கெனவே மறுத்திருந்தன. அது இந்த பைலட்டுக்குச் சொல்லப்படவில்லை. ஒருவர் மாட்டேன் என்றால் அடுத்தவருக்குப் போன் போடு, அவரும் மாட்டேன் என்றால் அதற்கடுத்தவர் என்று கடை கடையாக ஏறி இறங்கும் இந்த வழக்கம் அங்கே அவப்பெயர் பெற்ற ஒன்று. மறுத்தவர்கள் கோழைகள் அல்லர். அவர்கள்தான் சரி.

அதற்குப் பிறகு விதிகள் இறுகின. 2014-ல் அமெரிக்கா கொண்டுவந்த விதி, புறப்படுமுன் ஆபத்தை மதிப்பிட்டு எழுத வேண்டும், தரை நெருங்கினால் எச்சரிக்கும் கருவி வேண்டும் என்றெல்லாம் கட்டாயமாக்கியது. நல்லவைதான். ஆனால் கருவிகளைவிட எனக்குப் பிடித்தவை, பல சேவைகளில் வழக்கமாக உள்ள இரண்டு சின்ன ஏற்பாடுகள். ஒன்று, நோயாளி குழந்தையா, கர்ப்பிணியா, எவ்வளவு மோசம் என்பதை பைலட்டுக்குச் சொல்லமாட்டார்கள். ‘இன்ன இடம், இத்தனை மணி, இந்த வானிலை, போகலாமா?’ அவ்வளவுதான் கேள்வி. இரக்கம் பொல்லாதது, பனிமூட்டத்தை மெல்லியதாகக் காட்டும். இரண்டாவது, கிளம்பக் குழுவில் உள்ள மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும். வேண்டாமென்று சொல்ல ஒருவர் போதும், காரணம் கேட்டு அவரை யாரும் குடையக் கூடாது. உங்கள் எதிர் வயலைப் பார்த்து முன்சீட்டுப் பாராமெடிக் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட, பைலட் மைதானத்துக்குத் திரும்பியிருப்பார்.

மைதானம் எப்படி அவர்கள் நினைவுக்கு வந்தது? இரவில் இறங்குவதில் பாதி ஆபத்து இருட்டால் வருவதல்ல, இடம் தெரியாததால் வருவது. பிரிட்டனில் முதல் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் சேவை 1987-ல் கார்ன்வாலில் தொடங்கியது. அதே நாட்டில் கிழக்கு ஆங்கிலிய ஏர் ஆம்புலன்ஸ் இரவுக் கண்ணாடியோடு விளக்கில்லாத இடங்களுக்குப் பறக்க ஆரம்பித்தது 2013-ல்தான். பின்னாளில் இளவரசர் வில்லியம் பைலட்டாக வேலை பார்த்ததும் அந்தச் சேவையில்தான். நடுவே கால் நூற்றாண்டு, இரவானால் பெரும்பாலும் தரையில்தான். லண்டன் ஏர் ஆம்புலன்ஸ் இன்றும் இருட்டினால் டாக்டரைக் காரில் அனுப்புகிறது. நெருக்கமான நகரத்துக்கு அது புத்திசாலித்தனமான முடிவு.

டெவன் பகுதிக்காரர்கள் செய்ததை நான் எல்லாரிடமும் சொல்வேன். கிராமம் கிராமமாகப் போய், கால்பந்து மைதானம், கிரிக்கெட் மைதானம் என்று தேர்ந்தெடுத்து, கம்பி எங்கே, மரம் எங்கே, சரிவு எவ்வளவு என்று பகலில் நடந்து அளந்து, ஒரு கம்பத்தில் விளக்கு நட்டுவைத்தார்கள். ஹெலிகாப்டர் கிளம்பும்போது குழுவே போன் வழியாக அந்த விளக்கை எரியவிட்டுவிடும். நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் இப்படி இருக்கின்றன. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி உதவினார்கள். அரை மைல் கார் பயணம் கூடுதலாக ஆகும். ஆனால் இறங்கப்போகும் இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதெல்லாம் பகலிலேயே யோசித்து முடிந்திருக்கும். உங்கள் மகள் ஊர் மைதானமும் இதுபோல முன்பே பார்த்துவைத்த இடமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊருக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். 108 வண்டி 2008-ல் வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஹெலிகாப்டர் ஒருநாள் வரத்தான் செய்யும். ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவமனை 2024 அக்டோபரில் உத்தராகண்ட் மலைகளுக்காக ஒன்றைத் தொடங்கியது. 2025 மே மாதம் கேதார்நாத்தில் இறங்கும்போது அதன் வால் முறிந்தது. நல்லவேளை, உள்ளே இருந்த மூவருக்கும் ஆபத்தில்லை. அது பட்டப்பகல்.

காவிரிக்கரையில் இரவில் இறங்குவதென்றால் இங்கிலாந்தில் இந்த அளவுக்கு இல்லாத இரண்டு தொல்லைகள் கூடும். கம்பிகள் நம்மிடம் அதிகம், ஒழுங்கும் குறைவு. பம்ப்செட்டுக்கு இழுத்த லைன் எந்த வரைபடத்திலும் இருக்காது. அடுத்தது கூட்டம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் ஊரே செல்போன் விளக்கோடு மைதானத்துக்கு ஓடிவரும். அதில் ஒருவர் வால்பக்கம் போனாலும் முடிந்தது.

ஆனால் நம்மால் முடியாத வேலை அல்ல இது. தேர்தல் நேரத்தில் தலைவர் வருகிறார் என்றால் என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். பொதுப்பணித் துறை தரையைச் சமன் செய்யும், தண்ணீர் லாரி வந்து தூசி அடங்க நனைக்கும், சுண்ணாம்புப் பொடியில் வட்டமும் அதற்குள் எழுத்தும் போடுவார்கள், தீயணைப்பு வண்டி நிற்கும், கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்துவார்கள். பத்திரமாக இறங்க வேண்டியதெல்லாம் நமக்குத் தெரியும். ஒரு பகலுக்கு, ஒருவருக்காகச் செய்துவிட்டு மறுநாள் மறந்துவிடுகிறோம். எந்தெந்தப் பள்ளி மைதானத்தில், கல்லூரி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியது என்ற விவரம் மாவட்ட நிர்வாகக் கோப்புகளில் இருக்கும். அந்த மைதானங்களைச் சுற்றி ஓடும் கம்பிகளைக் குறித்துவைத்து, ஒரு கம்பத்தில் விளக்கு நட்டு, பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்குச் சாவி கொடுத்துவைக்கலாம். ஹெலிகாப்டர் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை அது, செலவும் அதிகமில்லை.